மக்கர் பண்ணாத வண்டி

கிட்டத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, இப்படி நகர்ந்துகொள்ளுங்கள். கையில் இருக்கிற போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். ஒரு வண்டியின் கதை சொல்கிறேன். ஜப்பான்காரர்கள் செய்த வண்டி, நம் கோம்பையில் ஓடிய வண்டி. பேயும் கொலையும் இதில் இல்லை. ஆனாலும் கேட்டு முடித்தபிறகு கொஞ்ச தூரம் உங்கள் கூடவே நடந்து வரும்.

கோம்பையில் ஈஸ்வரபாண்டி என்று ஒரு டிரைவர், சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவர். முதலில் அவரிடம் ஒரு பழைய ஜீப்தான் இருந்தது. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு கேரள எல்லையில் இருக்கிற குமுளி மலை ஏறுவார். பாதி மலையில் ஜீப் கொதித்து நிற்கும். பெண்கள் இறங்கி, தடுப்புச் சுவரில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர்க் கேனும் கையுமாக ரேடியேட்டரோடு மல்லுக்கட்டுகிற அவரைப் பார்த்து, "அண்ணே, நீங்க எங்கள வேலைக்குக் கூட்டிட்டுப் போறீகளா, மலையில சோறு திங்கக் கூட்டிட்டு வந்தீகளா?" என்று சிரிப்பார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

அப்புறம்தான் டொயோட்டா கம்பெனியின் குவாலிஸ் வந்தது. பார்வைக்கு ஒன்றும் அழகில்லை, ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஆனால் பத்துப் பேரை ஏற்றி, மேலே மூட்டையும் கட்டி மலை ஏற்றினால் ஒரு பெருமூச்சு விடாது. ஈஸ்வரபாண்டி ஜீப்பை விற்று, மனைவி அனுசுயாவின் சங்கிலியையும் விற்று, வெள்ளை நிறத்தில் ஒன்று எடுத்தார். எடுத்த வாரமே தண்ணீர்க் கேனைக் கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்தில் வைத்துவிட்டார். "வேட்டைக்கு ஓடுற கோம்பை நாய்கூட நாக்கத் தள்ற மேடு அது. நம்ம வண்டி நாக்க நீட்டலயே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார்கள், "குவாலிஸ் இருந்தாச் சொல்லுங்க, இல்லாட்டி வேண்டாம்" என்று மதுரையிலிருந்து போன் போட்டுக் கேட்பார்கள். நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. வைத்திருந்தவர்கள் அதற்கப்புறம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

மதுரைக்குச் சர்வீஸ் விடப் போன இடத்தில் ஒரு இன்ஜினியர் தம்பி அந்தக் கம்பெனியின் கதையை ஈஸ்வரபாண்டிக்குச் சொல்லியிருந்தார். அதிலிருந்து வண்டியில் யார் ஏறினாலும், உத்தமபாளையம் தாண்டுவதற்குள் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார்.

"இந்தக் கம்பெனிக்காரக பரம்பரை பரம்பரையா வண்டி செஞ்சவுக இல்ல, கேட்டுக்கங்க. ஆதியில ஒரு தச்சர் மகன். ஆத்தா தறியில கெடந்து கஷ்டப்படுறதப் பாத்துட்டு, தறிய லேசாக்குறேன்னு கெளம்பினவரு. அவரு செஞ்ச தறியில என்ன அதிசயம் தெரியுமா? ஒரே ஒரு இழை அறுந்தாலும் தறி தானா நின்னுரும்."

ஒருமுறை பின் சீட்டில் ஆண்டிபட்டி சக்கம்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார், நெசவு வேலை பார்க்கிறவர். "அது பெரிய விசயம்யா" என்று அவர் முன்னால் சாய்ந்து வந்தார். "அறுந்தது தெரியாம ஓட்டினோம்னா அதுக்கப்புறம் நெய்றது பூராம் பழுது. நின்னு முடிச்சுப் போட்டுட்டுத்தான் ஓட்டணும்."

"அதேதான். அவரு மகன்தான் காரு செய்யணும்னு எறங்கினது. இன்னிக்கும் அவுக பேக்டரியில ஒரு கயிறு தொங்குமாம். நேத்து வேலைக்குச் சேந்த பயலுகூட, என்னமோ தப்பாத் தெரியுதேன்னு கயித்த இழுத்தா ஓடி வந்து என்னன்னு கேப்பாகளாம். சரி பண்ண முடியலன்னா பூரா லைனும் நின்னுரும். யாரும் வைய மாட்டாகளாம்."

"நம்மூரு மில்லுல இழுத்துப் பாக்கச் சொல்லுங்க" என்று ஒருவர் சொல்ல, வண்டியே சிரித்தது.

"இன்னொண்ணு. குடும்பப் பேரு டொயோடா. அவுக எழுத்துல டொயோட்டான்னு மாத்தினா எட்டுக் கோட்டுல எழுதி முடிச்சிரலாம். எட்டு அவுகளுக்கு ராசி."

"எட்டா? நமக்கு அது சனியனாச்சே. பேரு மாத்தும்போது நம்ம சோசியர ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?"

இப்படிக் கதையும் சிரிப்புமாக வண்டி ஓடியது. கதை சொன்னவர் அதைக் காதால் கேட்டாரா என்பதுதான் இப்போது நான் சொல்லப்போவது.

அவர்கள் சொந்தபந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண்ணை ஏற்றிய வண்டி, ஊர் எல்லையில் கருப்பசாமிக்குத் தேங்காய் உடைத்துக் கிளம்பிவிட்டால் மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். நடுவில் நின்றால் பெண்ணின் வாழ்க்கையும் நடுவழியில் நிற்கும் என்பார்கள். ஜீப்பும் அம்பாசிடரும் ஓடிய காலத்தில் இதை யாரும் முழுசாகக் காப்பாற்றியதில்லை. மலையில் வண்டி கொதித்து நிற்கும், சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள், பெண்ணும் இறங்கி இடுப்பை நிமிர்த்திக்கொள்வாள். குவாலிஸ் வந்தபிறகுதான் வழக்கம் கறாராயிற்று. நிற்காத வண்டி வந்துவிட்டதே! குமுளி செக்போஸ்ட்டில் நிற்பது மட்டும் கணக்கில் சேராது, அது சர்க்காருக்கும் சாமிக்கும் உள்ள ஒப்பந்தம். ஈஸ்வரபாண்டியின் வண்டிக்கு ராசி வண்டி என்று பேர் வந்தது. முகூர்த்தத்துக்கு நாள் பார்த்த கையோடு அவருக்குச் சொல்லி விடுவார்கள்.

அவருடைய அக்கா மலையம்மாளுக்கு ஒரே மகள், பேர் கயல். தகப்பன் இல்லாத பிள்ளை. மடியில் வைத்துக் காது குத்தியதும் சடங்குக்குச் சீர் கொண்டுபோனதும் தாய்மாமனான இவர்தான். குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பம் அடிக்கடி இவர் வண்டியில் வரும். அந்த வீட்டுப் பையனுக்கு அவளைக் கேட்டார்கள். வீட்டைப் போய்ப் பார்த்து, "நல்ல எடம்க்கா" என்று வந்து சொன்னதும் இவர்தான். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். முதல் நாள் சாயங்காலம் தாய்மாமன் கையைப் பிடித்து ஏற்றிவிட, கயல் குவாலிஸில் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் மலையம்மாள், சுற்றிலும் பெண்கள்.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்கள் தெரிகிற வளைவில், அவர் தோளில் ஒரு கை பட்டது.

"மாமா, செத்த நிப்பாட்டுங்க."

"வாந்தி வருதா ஆத்தா? இந்தா, இந்த எலுமிச்சம்பழத்த மோந்துக்க. இன்னும் கொஞ்சத் தூரந்தான்."

"வாந்தி இல்ல மாமா."

பெண்கள் சிரித்தார்கள். "பொண்ணு வண்டிய நிப்பாட்டுனா ஊரு என்ன சொல்லும்? பேசாம வாடி" என்றாள் மலையம்மாள். ஈஸ்வரபாண்டி கண்ணாடியில் பார்த்தார். கயலின் கண்கள் அந்தக் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வாந்தி வருகிறவளின் கண்ணும் அழுகிறவளின் கண்ணும் இல்லை அது. அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் கியரை மாற்றினார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறியது.

அந்தக் கல்யாணம் எப்படிப் போயிற்று என்று நீட்ட எனக்கு மனசில்லை. புருஷன் குடித்தான், தோட்டம் கைமாறிப் போயிற்று, ஒருநாள் அவனும் போனவன்தான், திரும்பவில்லை. கயல் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு, ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டாள். யாரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நல்லது கெட்டதுக்குக் கோம்பைக்கு வருவாள். ஆனால் ஒன்று. மழையானாலும் கையில் பிள்ளையானாலும் பஸ்ஸில்தான் வருவாள், பஸ்ஸில்தான் போவாள். "வண்டி சும்மாதான ஆத்தா நிக்கிது" என்று ஈஸ்வரபாண்டி சாவியை எடுப்பார். "இருக்கட்டும் மாமா. பஸ்ஸு வந்துரும்" என்பாள். முகத்தில் கோபம் இருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

இப்படியே பத்தொன்பது வருஷம். போன சித்திரையில் அவர் வண்டியை விற்பதென்று முடிவு செய்தார். முழங்கால் கிளட்சை மிதிக்க விடவில்லை. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற விஜய்ராஜ் என்பவர் பேசி முடித்துவிட்டுப் போனார். அந்த வாரம்தான் மலையம்மாளின் முதல் வருஷத் திதி. கயல் வந்திருந்தாள்.

அனுசுயா அடுப்படியில் வைத்துப் புருஷனிடம் சொன்னாள்: "வண்டி போறதுக்குள்ள அவள ஒரு தடவ ஏத்தணும்னு மருகிக்கிட்டுத் திரியுறீக. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவகிட்டக் கேளுங்க."

"வரலன்னுட்டா?"

"வரலன்னு சொல்லட்டும். அதையாச்சும் காது குடுத்துக் கேளுங்க."

மறுநாள் காலையில் கயல் பையை எடுத்துத் தோளில் போட்டாள். ஈஸ்வரபாண்டி வாசலில் நின்றார். சாவி கையில் இருந்தது, அதை நீட்டிக் காட்டவில்லை.

"ஆத்தா, நாளைக்கு வண்டி ஓடைப்பட்டிக்குப் போயிரும். குமுளி வரைக்கும் கொண்டாந்து விடுறேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ எங்கன நிப்பாட்டச் சொன்னாலும் நிப்பாட்டுறேன்" என்றார்.

கயல் வண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.  முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவர் தறிக் கதை சொல்லவில்லை. கம்பம் போனது, கூடலூர் போனது. வயலில் தண்ணீர் நிற்கிறது, யார் வீட்டில் பெண் பெரியவளானாள் என்று ஏதோ பேசிக்கொண்டார்கள். லோயர் கேம்ப் தாண்டியதும் அவருடைய காது முழுக்க அவள் பக்கமே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே கடந்து போனான். அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

குழாய்கள் தெரிகிற வளைவில் அவராகவே ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார். கீழே பள்ளத்தாக்கில் யாரோ காய்ந்த புல்லைக் கொளுத்திய புகை மேலே வந்துகொண்டிருந்தது.

"இங்கனதான ஆத்தா, அன்னிக்கு நீ நிப்பாட்டச் சொன்னது?"

கயல் ஜன்னல் வழியாக அந்தக் குழாய்களைப் பார்த்தாள். "இங்கன சொன்னது ரெண்டாவது தடவ மாமா."

அவர் திரும்பினார்.

"மொதத் தடவ கூடலூர்லயே கூப்பிட்டேன். ரெண்டு மூணு கூப்பாடு. நீங்க தறிக் கதை சொல்லிக்கிட்டிருந்தீக. அந்தக் கயித்த இழுக்குற எடம் வந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாக. எஞ்சத்தம் கேக்கல."

 ஈஸ்வரபாண்டி இத்தனை வருஷமும் இந்த வளைவைத்தான் நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். கூடலூரை ஆயிரம் தடவை கடந்திருக்கிறார், ஒன்றும் தோன்றாமல்.

"என்ன சொல்ல வந்தே ஆத்தா?"

"பெருசா ஒண்ணுமில்ல. 'வேணாம் மாமா'ன்னு சொல்ல வந்தேன். நீங்க கேட்டிருந்தா அம்மாவும் கேட்டிருப்பாக. எனக்கு வேற யாருகிட்டச் சொல்லத் தெரியும்?"

 கயல் அவர் கையில் லேசாகத் தட்டினாள், சின்னப் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

"விடுங்க மாமா. அது அன்னிக்குச் சொல்ல வேண்டிய சொல்லு. இன்னிக்கு அத வச்சு நான் என்ன பண்ண? எம் மக பாட்டுக்கு வந்துட்டா, அவ இல்லாத வாழ்க்கைய நெனைக்கவே எனக்கு வரல. வண்டிய எடுங்க, தோட்டத்து ஜீப்பு போயிரும்."

சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில், என்றைக்கும் போல, இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வாழ்நாளெல்லாம் பெருமைப்பட்ட மனுஷர், அன்றைக்கு முதல்முறையாக நொந்துபோனார். பழைய ஜீப்பாக இருந்திருந்தால் இந்த மேட்டில் கொதித்து நின்றிருக்கும். பெண்கள் இறங்கியிருப்பார்கள். கேனை எடுத்துக்கொண்டு நிற்கிற மாமன் பக்கத்தில் வந்து, கயல் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருப்பாள். இந்த வண்டி அன்று ஒரே ஒரு தடவை மக்கர் பண்ணியிருக்கக் கூடாதா என்று நினைத்தார். நினைத்த மறு கணமே, வண்டி என்ன செய்யும், பிரேக் என் காலுக்குக் கீழேதானே இருந்தது என்றும் நினைத்தார்.

குமுளியில் இறங்கும்போது கயல் கதவைப் பார்த்துச் சாத்தினாள். "உடம்பப் பாத்துக்கங்க மாமா. அத்தைகிட்டச் சொல்லுங்க" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினாள். ஜீப்பில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்த பெண்கள் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் விஜய்ராஜ் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏண்ணே, இது ஒரு தடவகூட வழியில நின்னதே இல்லயாமே? எங்க ஊரு வரைக்கும் பேச்சு."

ஈஸ்வரபாண்டி சாவியைக் கொடுத்தார். எப்போதும் இந்தக் கேள்விக்கு அவர் சொல்கிற பதில் அரை மணி நேரம் ஓடும். அன்றைக்கு, "நின்னுருக்கு தம்பி" என்றார். "நேத்துத்தான் நின்னுச்சு."

"என்ன கோளாறுண்ணே?"

"வண்டியில கோளாறு இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் தொழுவத்துக்குள் போனார். தட்டுமுட்டுச் சாமானுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய தண்ணீர்க் கேனை எடுத்து, தூசியைத் துடைத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கதை இவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு சொல்லை மெதுவாகச் சொன்னாலும், அது கேட்கிற காது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாய்க்கட்டும். உங்கள் வாசலிலிருந்து புறப்படுகிற பெண் மனசு நிறைந்து புறப்படட்டும், திரும்பி வர நினைத்தால் அவளுக்குக் கதவு திறந்தே இருக்கட்டும். அடுப்பு அணையாமல், தண்ணீர் வற்றாமல், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்டு உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.