மூன்று வரி

பேனரின் கயிற்றை இழுத்துப் பந்தக்காலில் கட்டிக்கொண்டிருந்தார்கள். செந்தமிழ்ச்செல்வி வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கள் குலவிளக்கே!!!!! எங்கே சென்றாய்?????" என்று அலறியது பேனர். குறி ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். நடுவில் வார்டு பிரமுகர் தணிகாசலம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். செத்துப்போன அப்பா ஒரு மூலையில், தபால்தலை அளவில். நேற்று தணிகாசலத்தின் பிறந்தநாள். அதற்குப் போட்ட பேனரையே கொஞ்சம் மாற்றி அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் வாணவேடிக்கை இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

அப்பா கலியபெருமாள் நாற்பது வருஷம் முத்தியால்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். வடை மடித்துவந்த காகிதத்தில்கூட விட்டுப்போன கால்புள்ளியைத் தேடுகிற மனுஷன். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாதவன்தான் ஆச்சரியக்குறிய அள்ளிப் போடுவான்" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், தன் சாவுச் செய்தியைத் தானே மூன்று வரியில் எழுதி, இரண்டு முறை திருத்தி, மகளிடம் கொடுத்தார்.

"இதுல ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் கூடாதும்மா."

சரிப்பா என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று காலை, எடுக்கும் நேரத்தை மட்டும் நிரப்பி, தம்பி வினோத்குமாரிடம் அச்சடிக்கத் தந்து அனுப்பினாள். வந்தது இது.

அவன் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கக் கன்னத்தில் புகையிலைப் பாக்கை அதக்கியிருந்தான்.

"அப்பா எழுதின சீட்டு எங்கடா?"

"அது இன்னாக்கா, சப்புனு மூணே வரி. கெத்தா இருக்கட்டும்னு தணிகாசலம் அண்ணன்தான் இத்த அடிச்சிக் குடுத்தாரு."

"நீ படிச்சியா அத?"

"இருக்கற வேலையில எங்கக்கா படிக்கறது?"

சட்டைப் பையில் துழாவி ஒரு பொட்டலத்தை நீட்டினான். அப்பாவின் சீட்டில் பாக்கை மடித்து வைத்திருந்தான்.

பாக்கைத் தரையில் கொட்டிவிட்டுக் காகிதத்தைப் பிரித்தாள். ஈரம், வாடை. எழுத்து மட்டும் அழியவில்லை. விரலைப் புடவையில் எவ்வளவு துடைத்தும் பிசுபிசுப்பு போகவில்லை. நேற்று சாயங்காலம் அப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது இவனுக்கு ஏழு தடவை போன் போட்டாள். ஏழாவது தடவை எடுத்து, அண்ணன் கேக் வெட்டுகிறார், அப்புறம் வருகிறேன் என்றான். அவன் வந்தபோது அப்பாவின் கால் கட்டைவிரல்களைக் கட்டியிருந்தார்கள்.

தெருத்தெருவாகச் சாவுச் செய்தி சொல்லுகிற ஆட்டோ வந்து நின்றது. மைக் பிடிக்கிற சக்கரபாணி பேனரை அண்ணாந்து பார்த்துத் தொண்டையைச் செருமினார். செல்வி விறுவிறுவென்று போய்ச் சீட்டை நீட்டினாள்.

"இத்தப் படிங்கண்ணே. கால்புள்ளி வந்தா கொஞ்சம் நில்லுங்க. முற்றுப்புள்ளி வந்தா மூச்சு வாங்கிட்டு அடுத்தத ஆரம்பிங்க. கத்த வேணாம்."

"இவ்ளோதானாம்மா?"

"இவ்ளோதான்."

"பிழை திருத்துநர் கலியபெருமாள், முத்தியால்பேட்டை, காலமானார்." நிறுத்தினார். "மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம்." மறுபடி நிறுத்தினார். "கடைசி நேரத்தில் மகளும் மகனும் பக்கத்தில் இருந்தார்கள்."

நேற்று யார் எங்கே இருந்தார்கள் என்பது தெருவுக்கே தெரியும். பந்தலில் ஒருவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

வினோத்குமார் எழுந்து வந்து அக்காவின் காதருகே குனிந்தான்.

"அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடச் சொல்லுக்கா."

காலையில் அவளும் அந்த வரியில்தான் நின்றாள். நாற்பது வருஷத்தில் அப்பா விட்டுவைத்த ஒரே பிழை. கையில் பேனா இருந்தும் அடிக்க மனம் வரவில்லை.

"அப்பா திருத்திக் குடுத்ததுடா. நான் கை வெக்க மாட்டேன். நீங்க கெளம்புங்கண்ணே."

ஆட்டோ நகர்ந்தது. அடுத்த தெருமுனையில் நின்று மூன்று வரியையும் நிதானமாகச் சொன்னது. அதற்கடுத்த முனையிலும் சொன்னது. வினோத்குமார் பேனருக்குக் கீழே நின்றபடி வாயிலிருந்ததைத் துப்ப இடம் தேடினான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழுங்கினான்.