ரெண்டு மார்க் வலி

இப்போதெல்லாம் பிறந்த ஊர்ப் பேச்சு யாருக்கும் போதவில்லை. எவனோ பேசுவதை வாயில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். என் தம்பி டெல்மரும் அப்படித்தான். அமெரிக்காவில், ஒஹாயோவில் லாரி ஓட்டியவன், கடல் தாண்டி இங்கிலாந்துப் பக்கம் போனதே இல்லை. ஓய்வு பெற்றபின் டிவியில் இங்கிலாந்துச் சிரிப்பு நாடகங்களாகப் பார்த்துத் தள்ளினான். ஹார்லன் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டவன் என்னை அந்த ஊர்க்காரன் கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல ‘மேட்’ என்றான். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் ‘சீயர்ஸ்’ என்றான்.

தொலையட்டும் என்று விட்டிருந்தேன். மார்ச்சில் ஒரு காலை, வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே நெஞ்சைப் பிடித்தான். முகம் சாம்பலாகிவிட்டது. என் வண்டியில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் கேட்டாள்: “வலி எவ்வளவு சார்? பத்துக்கு எத்தனை?”

“ரெண்டு போடு செல்லம்,” என்றான், வியர்வை சொட்டச் சொட்ட.

“நெஞ்சு வலியா?”

“சேச்சே. நேத்துத் தின்ன சாசேஜ் உள்ள சண்டை போடுது. ஒரு டீ குடிச்சா அடங்கிடும்.”

“புளுகுறாம்மா! மூஞ்சியப் பாரு, செத்துக்கிட்டிருக்கான்!” என்று கத்தினேன்.

“இவரு கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. கண்டுக்காத,” என்றான் டெல்மர் அவளிடம்.

அவள் சிரித்துவிட்டாள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். எங்களுக்கு முன்னால் கால் சுளுக்கிய ஒருவன் உள்ளே போனான். பிறகு டெல்மர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான். அப்புறம்தான் ஓடி வந்தார்கள்.

பிழைத்துவிட்டான். ஆனால் இதயத்தில் பாதி செத்துப்போயிற்று, வந்தவுடனே உண்மையைச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இனி மாடிப்படிகூட ஏற முடியாதாம். அவன் பெண்டாட்டி வெர்னா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் படுக்கையருகே போய்க் கேட்டேன். “பத்துன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?”

“ஊரக் கூட்டி ஒப்பாரி வைக்கச் சொல்றியா மேட்? வீடு பத்தி எரிஞ்சாக்கூட இங்கிலாந்துக்காரன் ‘கொஞ்சம் புழுக்கமா இருக்கு’ன்னுதான் சொல்வான். அதுக்குப் பேரு தைரியம்.”

“அவன் ஊர்ல அப்படிச் சொன்னா அவன் ஆளுக்குப் புரியும். இங்க யாருக்குடா புரியும்?”

“உனக்கு நகைச்சுவையே கிடையாது ஹார்லன்,” என்றான். மூச்சு வாங்கியது. வெர்னாகூட லேசாகச் சிரித்தாள். அவனுக்காகச் சிரித்தாளோ என்னவோ.

தைரியமாம். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.