கீலுக்குப் போன எண்ணெய்

ஜெபம் செய்து ஒதுக்கி வைத்த ஒலிவ எண்ணெயை ஆர்வெல் ஜெஸ்பர்சன் கார் கொட்டகைக் கதவின் கீலில் ஊற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கீல் போட்ட கூச்சல் அப்படி. அவர் கதவைத் திறந்தால் சான்பீட் பள்ளத்தாக்கு முழுக்க வான்கோழிகள் தீனியை விட்டு நிமிரும். மூன்று பண்ணை தள்ளியிருக்கும் நாய்கள் பதில் சொல்லும். சமையல் எண்ணெய் வீட்டுக்குள் இருந்தது, நாற்பது தப்படி நடக்க வேண்டும். சாவிக் கொத்தில் தொங்கிய சுண்டுவிரல் அளவுக் குப்பியோ கையிலேயே இருந்தது. மார்மன் சபையில் மூப்பர் பட்டம் பெற்ற ஆண்கள் சுமந்து திரிகிற குப்பி அது. நோயாளி கூப்பிட்டால் உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்து ஆசீர்வதிப்பதற்கு. திருகித் திறந்து கடைசிச் சொட்டு வரை கீலில் விட்டார். கதவு பரம சாதுவாகத் திரும்பியது.

"முதல் தடவையா இந்த எண்ணெய் எதையோ குணப்படுத்தியிருக்கு," என்றார் கதவிடம். சொன்ன கையோடு, யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

அவருக்கு விசுவாசம் கழன்று ஆறு வருடம். சபையின் பழைய வரலாற்றைப் படிக்கப் போய் இரண்டு கேள்வி முளைத்தது. முழங்காலில் நின்று பதில் கேட்டார். வரவில்லை. பாசனத் தண்ணீர் சங்கத்துக்கு மனுப் போட்டால்கூட மூன்று வருடத்தில் அச்சடித்த மறுப்பாவது வரும். ஆனாலும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார், பாட்டுக்கு அடிக்குரல் கொடுத்தார். மனைவி ஐடோனா போய்ச் சேர்ந்த பிறகு அவர் சட்டைப் பொத்தான் தைப்பது முதல் பிறந்தநாளை ஞாபகம் வைப்பது வரை சபையார்தான். அவர்களை விட்டால் அந்த ஊரில் பேச்சுத் துணைக்கு வான்கோழிதான் மிச்சம்.

வியாழக்கிழமை மெர்லீன் மேட்சன் போன் செய்தாள். எழுபத்து நாலு வயது விதவை. தலை சுற்றுகிறதாம், வீடே ராட்டினம் போல் போகிறதாம். "ஆசீர்வாதம் வேணும் பிரதர். நீங்கதான் வரணும்." ஆசீர்வதிக்க இரண்டு பேராகப் போவது வழக்கம். கூட வந்தவர் டெல்மான்ட், நாற்பது வருட நண்பர், வாய் மூடினால் வலிக்கும் என்று நம்புகிறவர்.

"என் குப்பி வீட்டுல லாரியிலேயே இருந்துடுச்சு," என்றார் டெல்மான்ட். "நீ எண்ணெயை வை. ஜெபத்தை நான் முடிக்கிறேன்."

மெர்லீன் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் நின்று ஆர்வெல் குப்பியைத் திறந்தார். பாலைவனம். செவ்வாய்க்கிழமைக் கீல் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எண்ணெய் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெர்லீனின் அடுப்பு மேடையிலேயே ஒலிவ எண்ணெய் இருந்தது. ஜெபித்து ஒதுக்க இரண்டு நிமிடம். ஆனால் டெல்மான்ட் கேட்பாரே, போன மாசம்தானே நிரப்பினே, எங்கே போச்சு என்று. கீலுக்கு என்று எப்படிச் சொல்வது? ஆர்வெல் காலிக் குப்பியை விரலில் கவிழ்த்தார். காய்ந்த விரலை வெள்ளை முடியில் வைத்து, அவள் பேரைச் சொல்லி, 'இந்தப் பரிசுத்த எண்ணெயால்' என்று தெளிவாகச் சொன்னார். அதற்குப் பிறகு டெல்மான்ட் செய்த ஜெபத்தில் மெர்லீனின் தலை, முதுகு, பேரப்பிள்ளைகள், பாதாமி மரங்கள், கூரைத் தகடு வரை நலம் பெற்றன. ஆர்வெலுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. விரல் சுட்டது.

தலைசுற்றல் தானாக வரும், தானாகப் போகும். வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஞாயிறு, மாதத்தின் உபவாசச் சாட்சிக் கூட்டம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத இருநூறு பேர் முன்னால் மெர்லீன் மேடையேறினாள்.

"பிரதர் ஆர்வெல் எண்ணெய் வச்சாரு பாருங்க, அது வெதுவெதுன்னு காது வரைக்கும் வழிஞ்சுது. அந்த நிமிஷமே சுத்தின வீடு நின்னுது. இந்தச் சபையிலே அவரை மாதிரி விசுவாசி கிடையாது!"

இருநூறு முகங்கள் திரும்பின. ஆர்வெலின் கழுத்திலிருந்து ஏறிய சிவப்பில் முன்வரிசைக்காரர்கள் குளிர் காய்ந்திருக்கலாம். பரவசம் என்று நினைத்து ஒரு கிழவர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கூட்டம் முடிந்ததும் மெர்லீன் நடையில் வழி மறித்தாள். "என் தங்கச்சி ஆர்டித் ஆஸ்பத்திரியில கிடக்கா. கல்லீரல். டாக்டர் கைவிரிச்சுட்டாரு. நாளைக்கு வாங்க பிரதர், அதே எண்ணெயோட."

தலைசுற்றல் இல்லை இது. சாகக் கிடக்கிற பெண்ணின் தலையில் அந்த விரலை வைக்க முடியாது. அவளைக் கோட்டுகள் தொங்கும் துணிமாட்டிப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினார்.

"குப்பி காலி, மெர்லீன். அன்னிக்கே காலி. வெறும் விரலைத்தான் வச்சேன்."

"எண்ணெய்?"

"கொட்டகைக் கதவுக்குப் போட்டேன்." குரல் கோட்டுகளுக்குள் போய் ஒளிந்தது. "ஆறு வருஷமா எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்ல."

அவள் முகம் வெளிறியது. அறைவாள் என்று ஆர்வெல் கன்னத்தைத் தயாராக வைத்தார். அவளோ கூட்ட அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"வெறும் விரலா?" என்றாள். "காது வரைக்கும் வழிஞ்சுதுன்னு மைக்கில சொன்னேனே!"

"சொன்னீங்க."

"அன்னிக்குத் தலையில ஒண்ணுமே தெரியல எனக்கு. கழுத்துதான் வலிச்சுது. எல்லாரும் வெதுவெதுப்பு, வெளிச்சம்னு சொல்றாங்க. நான் மட்டும் 'மாத்திரையும் போட்டேன், சரியாச்சு'ன்னு எப்படிச் சொல்றது?" உதட்டைக் கடித்தாள். "ஆனா என் பொய்யிலே ஒரு பக்தி இருந்துச்சு. என் தலையில காஞ்ச விரலை வச்சதை நான் மன்னிக்கல, பிரதர். இப்போதைக்கு இல்ல."

"மன்னிக்க வேணாம்."

"டெல்மான்ட்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஆர்டித்துக்கு உண்மையான ஜெபம் வேணும்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஆர்டித் மஞ்சளாக, தலையணையை விட லேசாகக் கிடந்தாள். டெல்மான்ட் தன் குப்பியிலிருந்து சொட்டு வைத்துவிட்டு ஆர்வெலைப் பார்த்தார். "நீயும் கையை வையப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து முடிப்போம்."

மெர்லீன் ஜன்னலோரம் நின்று அவரையே பார்த்தாள்.

"நீயே செய். என்னால ஆகாது," என்று ஆர்வெல் முணுமுணுத்தார். "எனக்கு நம்பிக்கை இல்ல."

டெல்மான்டுக்கு இடது காது மந்தம். ஆர்வெல் நின்றது இடப்பக்கம். "என்னது?"

"நம்பிக்கை இல்லன்னேன்."

"தும்பிக்கையா? சத்தமாச் சொல்லுப்பா!"

"எனக்கு நம்பிக்கை இல்ல டெல்மான்ட்! ஆறு வருஷமா!"

கீழ்த்தளத்துக்கே கேட்டிருக்கும். தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி நின்றது. நர்ஸ் எட்டிப் பார்த்து, எட்டிப் பார்த்ததற்காக வெட்கப்பட்டு மறைந்தாள். ஆர்வெல் தரையின் ஒவ்வொரு ஓட்டையையும் புள்ளியையும் எண்ணினார். ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு எதுவும் இல்லை.

ஆர்டித் கண்ணைத் திறந்தாள். "நம்பிக்கை இல்லாதவரு என் காலைப் பிடிச்சுக்கட்டும்," என்றாள் மெல்ல. "ஐஸ் மாதிரி இருக்கு."

ஆர்வெல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தக் கால்களை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். டெல்மான்ட் ஜெபித்தார். குணமாகட்டும் என்று கட்டளையிடவில்லை. வலி குறையட்டும், பயம் போகட்டும் என்றார். வாழ்நாளிலேயே முதன்முறையாக இரண்டு நிமிடத்தில் முடித்தார்.

காரில் திரும்பும்போது பத்து மைல் டெல்மான்ட் வாயே திறக்கவில்லை. அதுவே ஆர்வெலுக்குத் தண்டனையாக இருந்தது.

"சனிக்கிழமை ஜான்சன் வீட்டுக் கல்யாணம்," என்றார் டெல்மான்ட் கடைசியில், சாலையை விட்டுக் கண் எடுக்காமல். "முந்நூறு நாற்காலி போடணும். அதுக்கும் நம்பிக்கை வேணுமா?"

"வேணாம்."

"ஏழு மணிக்கு வந்துடு. எனக்கு உன் மேல கோபம். ஆனா என் முதுகு முந்நூறு தாங்காது."

"ஆறரைக்கே வரேன்," என்றார் ஆர்வெல், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. காது நுனி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.