அக்கா கடைக்கு அடித்த மூடிகள்

நான் அடித்த மூடியைத் திறப்பது அவ்வளவு லேசான காரியமில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதை மறைப்பானேன்.

ஆணித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு ஒரே வேலை. முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன மரப்பீப்பாய்கள் வரும். அவற்றில் ஆணிகளை எடைபோட்டுக் கொட்டி என் பக்கம் தள்ளுவார்கள். நான் வட்டப்பலகையை மேலே பொருத்தி, விளிம்பைச் சுற்றி எட்டு ஆணி இறக்கி அனுப்புவேன். அந்தப் பீப்பாய் லாரியிலிருந்து உருளட்டும், படிக்கட்டில் விழட்டும், மூடி அசையாது. ஒருமுறை வெளியூர்க் கடைக்காரர் ஒருவர், கோடாலியால் பிளந்துதான் திறக்க முடிந்தது என்று கோபமாகக் கடிதம் எழுதியிருந்தார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமே என்று கேட்டேன். மேலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு வைத்த பட்டப்பெயர்தான் ‘இறுக்கி’. வீட்டில் சர்க்கரை டப்பாவை நான் மூடிவிட்டால் பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

நான் மூடும் பீப்பாய்களில் மாதத்துக்கு ஆறு, என் அக்காவின் கடைக்குப் போகும். அவள் வீட்டின் முன்னறைதான் கடை. ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள், கதவுக் கைப்பிடி. அத்தான் போன பிறகு பதினேழு வருஷமாகத் தனியாளாக நடத்துகிறாள். என்ன நீளம் வேண்டும் என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு வருபவர்களிடம், "பலகை எவ்வளவு தடிமன்? எங்க மாட்டப் போறீங்க?" என்று இரண்டே கேள்வி கேட்டு, சரியான ஆணியை எடுத்துப் போடுவாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கடப்பாரையால் ஒரு மூடியை நெம்பும்போது கை வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அது நான் அடித்த மூடி. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பதில் சொல்லி ஆறியிருப்பேன். சொல்லாததால் அது உள்ளேயே கிடந்து குத்திக்கொண்டிருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு எலும்பு சேர்ந்துவிட்டது, பலம் மட்டும் திரும்பவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளை பேச்சை எடுத்தார். மாப்பிள்ளை என்றால் அக்கா மகளைக் கட்டியவர், பல் டாக்டர். அதே வீட்டின் மாடியில் அவருடைய மருத்துவமனை. இருபத்தாறு படி ஏற வேண்டும். பல்வலியோடு வருபவர்கள் மேலே வந்து சேரும்போது மூட்டுவலியும் சேர்ந்திருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் வேரோடு எடுக்காமல் விடமாட்டார், தொழில் அப்படி.

"அத்தை, நீங்க ஓய்வெடுங்க. கடையை எடுத்துட்டு கீழ க்ளினிக் வெச்சுக்கறேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார்.

"ஓய்வெடுத்து என்ன பண்ணச் சொல்றீங்க, சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்றாள் அக்கா.

"ஒரு பீப்பாயைத் திறக்கறதுக்குத் தெருவுல போறவங்களைக் கூப்பிட வேண்டியிருக்கு. அப்படி எத்தனை நாளைக்கு நடத்துவீங்க? திறக்க முடியாதவங்க கடையை விட்டுறதுதானே நியாயம்?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதுதான் கணக்குன்னா சரி. வர்ற ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் மூணு பீப்பாய் திறக்கறேன், யார் கையும் படாம. திறந்துட்டா இந்தப் பேச்சு இனிமே வரக்கூடாது. முடியலைன்னா சாவியை உங்ககிட்ட குடுத்துடறேன்."

சொல்லிவிட்டு, ஓரமாக நின்றிருந்த என்னைப் பார்த்தாள். அந்த மூன்றையும் மூடித் தரவேண்டியவன் நான்தான்.

வேலை என்னவோ சின்னதுதான். சுலபமாகத் திறக்கிற மாதிரி மூட வேண்டும். யோசித்துப் பாருங்கள், இருபத்திரண்டு வருஷமாகத் திறக்கவே கூடாது என்று அடித்தவன். முதலில் எனக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான்: எட்டு ஆணிக்குப் பதில் இரண்டு ஆணி. வெள்ளோட்டம் பார்க்கலாமென்று செவ்வாய்க்கிழமை அப்படி ஒன்றை அடித்து மூன்றுசக்கர வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அக்கா தெருவின் திருப்பத்தில் வண்டி சாய்ந்தது, மூடி ஒரு பக்கம் போக, இருபது கிலோ ஆணி தெரு முழுக்க இறைந்தது. அன்று மாலைக்குள் பதினான்கு சைக்கிள், மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு பால் வண்டி பஞ்சர். முனையில் பஞ்சர் ஒட்டுகிறவர் மட்டும் என்னைப் பார்த்த இடத்திலெல்லாம் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். மற்றவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் புலம்பினேன். "இறுக்கினா திறக்க மாட்டேங்குது, இளக்கினா விழுந்துடுது. நான் என்னதான் பண்றது?"

அவள் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்பு நூலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். பொட்டலம் சுற்றிலும் கிழிந்து வாயைத் திறந்தது. "எனக்கு உங்க தொழில் தெரியாது. இதை ஒட்டினவன் நல்லா இறுக்கமாத்தான் ஒட்டியிருக்கான். ஆனா பிரிக்கிறவங்களையும் ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்திருக்கான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிஸ்கட்டும் இறங்கவில்லை.

மறுநாள் உணவு இடைவேளையில் உட்கார்ந்து செய்தேன். மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து மூடியின் ஓரமாக வட்டமாக வைத்தேன். ஒவ்வொரு ஆணியையும் முக்கால்வாசி இறக்கி, அதன் கழுத்தில் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு தலைவரை அடித்தேன். எட்டு ஆணிக்கும் அப்படியே. கடைசியில் கம்பியின் நுனியை வளையமாக முறுக்கி வெளியே விட்டேன். வளையத்தில் ஒரு குச்சியை நுழைத்து, பீப்பாய் விளிம்பில் முட்டுக்கொடுத்து, மறுமுனையை அமுக்கினால் முதல் ஆணி மேலே வரும். குச்சியைக் கம்பிக்கு அடியிலேயே நகர்த்தி அமுக்கினால் அடுத்தது. மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. முழங்கையை ஊன்றினால் போதும். ஆணியும் கோணாது, பலகையும் உடையாது. தொழிற்சாலைப் படிக்கட்டில் மேலிருந்து உருட்டிவிட்டுப் பார்த்தேன். மூடி அப்படியே இருந்தது. மேலாளர் அப்படியே இல்லை, ஆனால் அது வேறு விஷயம்.

சனிக்கிழமை மூன்று பீப்பாய்களையும் நானே கடையில் கொண்டுபோய் இறக்கினேன். அங்கே கிடந்த காலிப் பீப்பாய் ஒன்றில் மூடி அடித்து, அக்காவுக்கு ஒருமுறை செய்து காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதை நீ இருபது வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றாள். பாராட்டு என்றால் அவள் கணக்கில் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குள் நிற்க இடமில்லை. மாப்பிள்ளை, அக்கா மகள், என் மனைவி, பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா, அப்புறம் யாரும் கூப்பிடாமலே பஞ்சர்க்காரர். மூன்று பீப்பாய்களும் வரிசையாக நின்றன. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குச்சியை எடுத்தாள்.

முதல் பீப்பாய். குச்சியை வளையத்தில் நுழைத்து முழங்கையை ஊன்றினாள். ஆணிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எட்டாவது வந்ததும் கம்பியோடு சேர்த்து மாலை மாதிரி தூக்கிக் காட்டிவிட்டு, மூடியை இடது கையால் எடுத்து ஓரமாக வைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பஞ்சர்க்காரர் கைதட்டினார். மாப்பிள்ளை குனிந்து கம்பியைப் பார்த்தார். இரண்டாவது இன்னும் வேகம். அக்கா வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி மகளிடம், "பால் அடுப்புல இருக்கா பாரு" என்று வேறு சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மூன்றாவதிலும் எட்டு ஆணியும் ஒழுங்காக வந்தன. ஆனால் மூடி வரவில்லை.

அக்கா இடது கையால் இழுத்தாள். தட்டினாள். குச்சியால் ஓரத்தில் நெம்பிப் பார்த்தாள். பலகை அசையக்கூட இல்லை. எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை அந்தப் பீப்பாயை முடித்தபோது செவ்வாய்க்கிழமை கூத்து கண்முன் வந்துவிட்டது. வண்டி சாய்ந்தால் என்ன ஆகும், எதற்கும் இருக்கட்டும் என்று பக்கவாட்டிலிருந்து, பலகையின் விளிம்புக்குள் போகிற மாதிரி, நீளமான ஆணி ஒன்றை இறக்கிவிட்டேன். ஒன்றல்ல, இரண்டு. கம்பியில்லாமல். கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. இருபத்திரண்டு வருஷப் புத்தி எங்கே போகும்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா பீப்பாயைப் பார்த்தாள், அடுத்து என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் ஜாடியை உடைத்துவிட்டு நிற்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குச்சியைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளை, இது எனக்கு வரல. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

மாப்பிள்ளை இதை எதிர்பார்த்திருந்தார் போல. "நகருங்க அத்தை" என்று சட்டைக் கையை மடித்தார். முதலில் விரலால் இழுத்தார். பிறகு கடப்பாரை கேட்டார். கடப்பாரைக்கு இடுக்குக் கிடைக்கவில்லை. மாடிக்கு ஓடிப்போய்க் கடைவாய்ப்பல் பிடுங்கும் குறடை எடுத்துவந்தார். அது பலகையைக் கவ்வவில்லை. பீப்பாயை இரண்டு கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். அவரும் பீப்பாயும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். சட்டையின் தோள்பட்டையில் தையல் விட்டது. தையற்காரம்மா, "திங்கக்கிழமை குடுங்க, தெச்சுத் தர்றேன்" என்றார். பத்து நிமிஷம் கழித்து மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"திறக்க முடியாதவங்க கடையை விட்டுடணும்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டு வந்துது, ஒண்ணு வரல. உங்களுக்கு இருந்ததே ஒண்ணு, அதுவும் வரல. அப்ப யார் யாருக்கு ஓய்வு குடுக்கறது?"

அக்கா மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, தப்பு என்னோடது. அதுல தனியா ரெண்டு ஆணி பக்கத்துலேருந்து அடிச்சிருக்கேன். பயத்துல அடிச்சுட்டேன். அதை யாராலயும் திறக்க முடியாது. அன்னிக்கு அக்கா விழுந்ததும் நான் அடிச்ச மூடியாலதான்."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து எதையோ பிடுங்கிப் போட்ட மாதிரி இருந்தது. மாப்பிள்ளை தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"மாமா, எனக்கு இந்த ரூம் பெரிசில்ல" என்றார் மெதுவாக. "படி இருபத்தாறு இருந்தா என்ன, நாப்பது இருந்தா என்ன. அன்னிக்கு நான்தான் முதல்ல கீழ வந்தேன். அத்தை இதே எடத்துல கெடந்தாங்க. கூப்பிட்டேன், பதில் இல்ல. அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் கை காலே ஓடல. அதுலேருந்து கீழ ஏதாவது சத்தம் கேட்டா, வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கற ஆளை அப்படியே விட்டுட்டு மாடிப்படிக்கு ஓடி வர்றேன்."

அக்காவின் முகம் மாறிவிட்டது. இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவர் மனைவியிடம்கூட. அக்கா கையை நீட்டி, அவர் தோளில் விட்டுப்போயிருந்த தையலைச் சேர்த்துப் பிடித்தாள், அப்படியே ஒட்டிவிடும் என்பது போல.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? ஓய்வெடு ஓய்வெடுன்னா எனக்கு என்னைத் தூக்கி மூலையில வெக்கற மாதிரி இருந்துது. பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே ஒரு வழி பண்ணியிருப்பேன்ல."

"என்ன வழி?"

"கடப்பாரையைத் தூக்கி இவன் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் செலவில்தான் என்றாலும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். கையில் அளவு நாடா, சட்டையெல்லாம் மரத்தூள். பீப்பாய்களுக்கு நடுவே சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவரிடமே கேட்டார்.

"அண்ணே, அலமாரிக்குப் பின்பலகை அடிக்கணும். அரைக் கிலோ ஆணி வேணும். ஒண்ணரை இஞ்சா ரெண்டு இஞ்சா, எது போடலாம்?"

மாப்பிள்ளை எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். திறந்திருந்த இரண்டு பீப்பாய்களையும் பார்த்தார், திறக்காத ஒன்றையும் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "கடை அவங்களோடது. அவங்களைக் கேளுங்க."

அக்கா முக்காலியை விட்டு எழுந்து தராசின் பக்கம் போனாள். "பலகை எவ்வளவு தடிமன்?" என்று கேட்டாள்.