காந்தம் ஒட்டாத கதவு

ஓய்வு பெற்ற வாரமே பெயிண்டருக்கு ஆசை தலைக்கேறிவிட்டது. முப்பத்தெட்டு வருடம் பழைய கார்க் கடைகளுக்குப் புட்டி பூசிப் பெயிண்ட் அடித்த மனுஷன். தனக்கென்று அந்தக் காலத்து மாடல் கார் ஒன்று, முன் சீட்டில் மனைவி. கைக்கு வந்த பணம் முழுவதையும் அதில் போடத் துணிந்தார். வேறு சேமிப்பு கிடையாது.

வியாபாரிகளைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்று கடை ஏறி இறங்கினார். ஒருவன் மீட்டரைத் திருப்பி வைத்திருந்தான். இன்னொருவன் இன்ஜின் நம்பரையே காட்டவில்லை. மூன்றாமவன் தேனொழுகப் பேசினான். அங்கேதான் பச்சை நிறத்தில் அந்தக் கார் நின்றது.

மெக்கானிக் மச்சினன் ஒரு காந்தத்தைக் கையில் திணித்து, கதவில் வைத்துப் பார்க்கச் சொன்னான். தகரமென்றால் ஒட்டும், துருவை மறைத்துப் புட்டி பூசியிருந்தால் விழுந்துவிடும். பெயிண்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் கையை விடவா காந்தம்? தடவினாலே சொல்லிடுவேன்டா."

தடவினார். மேடு இல்லை, பள்ளம் இல்லை. மனுஷன் சொக்கிப்போய் நின்றார். பேரம்கூடப் பேசவில்லை, மடையன். பெயிண்ட் வேலை பார்த்தவன் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம் என்று, வீடு வரும்வரை மனைவியிடம் மெச்சிக்கொண்டே ஓட்டினார்.

ஐந்தாம் நாள் காரைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி அவரைக் கூப்பிட்டாள். கதவின் அடியில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. அவர் ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் கிளற, புட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் துரு தின்ற ஓட்டை. என் தலையிலேயே மிளகாய் அரைத்துவிட்டான் என்று கத்திக்கொண்டு வியாபாரிக்குப் போன் போட்டார்.

மனைவி ஓட்டைக்குள் விரல் விட்டு, அடைத்திருந்த துணியை உருவினாள். நீலத்தில் மஞ்சள் கோடு.

"ஏங்க, இது நம்ம பழைய வீட்டு ஜன்னல் திரை. நான் தச்சது."

ஓட்டையில் துணியை அடைத்து மேலே புட்டி பூசுவது அவருடைய கைப்பழக்கம். அந்தத் திரையை வேலைக்குக் கிழித்துக்கொண்டு போய் நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எத்தனை கார், என்னென்ன நிறம், ஒன்றும் நினைவில்லை. வாங்குகிறவர் யாரென்று அவர் கேட்டதுமில்லை. விற்கிற வரைக்கும் நின்றால் போதும் என்று முதலாளியிடம் சொல்லிச் சிரிப்பார், அது மட்டும் நினைவிருந்தது.

போனில் வியாபாரி, "சொல்லுங்க சார்," என்றான். பெயிண்டர் போனை வைத்தார்.

"தங்கக் காப்புப் போடணும்னீங்களே," என்றாள் மனைவி. "கையை நீட்டுங்க."

நீட்டினார். கந்தல் துணியை அதில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.