இப்ப சொல்லிடுங்க

போன் அடித்தால் நான் குளிக்கப் போய்விடுவேன். அதாவது, என் கணவர் மகளிடம் அப்படித்தான் சொல்வார். நாளுக்கு நாலு தடவை குளிக்கும் அம்மா எந்த வீட்டில் இருக்கிறாள்? வேலை கிடைத்து வெளியூர் போன மகள், அம்மாவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று அவரிடம் கேட்டு அழுதிருக்கிறாள். கோபமெல்லாம் கிடையாது, பயம். போனில் முகம் பார்த்து நான் பேசினால் அவள் செத்துப்போய்விடுவாள் என்ற பயம்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் நாலு எழுத்து படித்த நர்ஸ்தான். தொற்றுக் காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். சொந்தக்காரர்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் வார்டுக்கென்று ஒரு போன் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். அழுத்தி அழுத்தித் தொட்டால்தான் வேலை செய்யும். அதைப் பிடித்து நோயாளியின் முகத்தை வீட்டாருக்குக் காட்டுவது என் தலையில் விழுந்தது. என் கை நடுங்காதாம், தலைமை நர்ஸ் சொன்னார்.

"ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லிடுங்க" என்பேன். வாயில் குழாயோடு கண்மூடிக் கிடப்பவரிடம் அவர்கள், "சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியாகக் கேட்க வேறு ஒன்றுமே கிடைக்கவில்லையா என்று முகக்கவசத்துக்குள் பல்லைக் கடிப்பேன்.

நான் போன் பிடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விடிவதற்குள் போய்விட்டார்கள். மோசமாக இருப்பவர்களுக்குத்தானே முதலில் போன் போடுவோம், போகத்தான் செய்வார்கள். இது புத்திக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் ஒருநாள், தேறி வந்துகொண்டிருந்த தையல்காரர் ஒருவர், போனோடு என்னைப் பார்த்ததும் எமனைப் பார்த்த மாதிரி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

"என் பக்கம் வராதீங்க சிஸ்டர். நீங்க போன் பிடிச்சவங்க யாரும் பொழைக்கல."

நான் அடுத்த கட்டிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவருக்காக நான் கடைசிவரை போனைப் பிடிக்கவே இல்லை. அவர் பிழைத்து, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். அன்றைக்கு வயிற்றுக்குள் புகுந்த பயம் இன்னும் வெளியேறவில்லை.

தொற்று ஓய்ந்ததும் ஊசி போடும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊழியர்களுக்கு மனநல ஆலோசனையும் ஏற்பாடு செய்தார்கள். அதுவும் வீடியோ காலில். நல்ல ஆட்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம் மகளின் அறைத்தோழி கூப்பிட்டாள். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலைமையாம், உடனே ஆபரேஷன். எந்த பஸ்ஸைப் பிடித்தாலும் மறுநாள்தான் போய்ச் சேர முடியும். பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. கணவர் எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மகளின் குரல் கேட்டது.

"அம்மா குளிக்கிறான்னு சொல்லாதப்பா. இன்னைக்கு மட்டும் வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டித் தப்பித்திருப்பேன். மனிதர் போனை நீட்டினார். வாங்கிய என் கை கிடுகிடுவென்று ஆடியது.

பச்சை உடையில் மகள் படுத்திருந்தாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் வேறு யாரோ போனைப் பிடித்திருந்தார்கள். கையுறை போட்ட கட்டைவிரல் ஒன்று திரையின் ஓரத்தில் தெரிந்தது. என் விரலே அங்கே போய் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. முகம் தெரியாத அந்த நர்ஸ் அன்பாகத்தான் பேசினாள்.

"தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போறோம்மா. ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லிடுங்க."

கோபமில்லை கண்ணே என்பது தொண்டைவரை வந்தது. சொல்லிவிட்டால் அதுவே கடைசியாகச் சொன்னதாக ஆகிவிடும். விழுங்கிக்கொண்டேன்.

"இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன். வெளிய வா, சொல்றேன்."

அவள் முகம் வாடிப்போனது. திரை அணைந்தது.

பஸ்ஸில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் ஒரு ஆபரேஷனா, தினமும் செய்கிறார்கள் என்றார் கணவர். மயக்க மருந்திலிருந்து தையல் பிரிவதுவரை அது எங்கெல்லாம் கெட்டுப்போகும் என்று எனக்கல்லவா தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பினால் போர்வைக்குள் ஒளிந்த தையல்காரர். கண்ணை மூடினாலும் அவரேதான். முகம் காட்டிவிட்டேனே, பாவி, கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இருட்டும் நேரத்தில் போன் ஒளிர்ந்தது. கணவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

முதலில் ஒரு கூரையும் டியூப்லைட்டும் தெரிந்தன. எங்கள் வார்டின் வீடியோ கால்களும் இப்படித்தான் தொடங்கும். பிறகு படம் ஆடி, இறங்கி, ஒரு முகத்தில் நின்றது. உதடு காய்ந்து, கண் பாதி திறந்து, என் மகள்.

"என்னமோ சொல்றேன்னியே," என்றாள். "சொல்லு."

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தை வரவில்லை.

"சாப்பிட்டியா?" என்றேன்.