காயாத கிண்ணம்

வெள்ளையம்மாவின் நிறுவையில் பிழை இருந்ததாகத் தெரணியகலைப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக யாரும் சொன்னதில்லை. பால் வெட்டும் பெண்கள் வாளியை அவள் முன் வைத்துவிட்டு, தராசைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அதனால்தான் தோட்டத்தை நடத்தும் துரை அவளைக் கூப்பிட்டார். துரைக்கு விமானப் பைத்தியம். இருவர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைப் பழைய ஸ்டோரில் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். சண்டைக் காலத்தில் அனுமதி கிடைக்கவில்லை. 2003இல்தான் அனுமதிக் கடிதம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பசை டின்களோ அதற்குள் நாலு வருடமாகப் பங்களா அலமாரியில் கிடந்தன. ரெசின் ஒன்று, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒன்று. இரண்டையும் நிறுத்துக் கலப்பது வெள்ளையம்மாவின் வேலை.

ரெசின் வெள்ளையாக உறைந்திருந்தது. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய்க்குச் செய்வதுபோல டின்னைச் சுடுதண்ணீரில் இறக்கி வைத்தாள், தெளிந்துவிட்டது. துரை கைதட்டிச் சிரித்தார். ஹார்ட்னரோ கறுத்து, மூடியோரம் வெள்ளை பூத்திருந்தது. சுடுதண்ணீரில் வைத்தும் அது மாறவில்லை.

ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வைக்கச் சொன்னவரும் துரைதான். மறுநாள் நகத்தால் கீறினால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமாம். முதல் கிண்ணம் மூன்று நாளாகியும் விரலில் ஒட்டியது.

“தொரைங்களே, இந்த மருந்து செத்துப்போச்சுங்க. டின் அடியில 2001ன்னு போட்டிருக்கு, கெடு முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. புதுசு எடுங்க.”

“அது டின் நம்பர். உனக்கு இங்கிலீஷ் தெரியுமா? சரி, கலக்கு.”

இங்கிலீஷ் தெரியாதுதான். இலக்கமுமா தெரியாது? நாள் முழுக்க இலக்கத்தோடு மாரடிக்கிறவளிடம் இப்படிச் சொல்ல ஒரு துரையால்தான் முடியும். அளவு மாறாமல் கலக்கிக் கொடுத்தாள். இறக்கையை ஒட்டினார்கள்.

கொழும்பு நண்பர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, இறக்கையைக் கவிழ்த்து வைத்து, தாங்குமா என்று பார்க்க ஆட்கள் மணல் மூட்டை ஏற்றினார்கள். பாதிகூட ஏறவில்லை, ஒட்டெல்லாம் தோல் உரிவதுபோல விட்டுவிட்டது.

“பசை கலந்தது யார்?” என்றார் நண்பர் ஒருவர்.

துரை வெள்ளையம்மாவைக் காட்டினார். “இவதான். அளவு பிசகிட்டா.”

பிசுபிசுத்த கிண்ணம் அவள் மடியில்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். துரை அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஷாமிளாவோட கடிதாசி நாளைக்குத்தானே?”

மகளுக்குத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை; துரையின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“ஆமாங்க, கை தவறிருச்சுங்க,” என்றாள் வெள்ளையம்மா, எல்லோருக்கும் கேட்க.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மணல் மூட்டை சுமந்தவர்கள் செய்தியையும் லயத்து வீடுகளுக்குச் சுமந்து போனார்கள்.

மறுநாள் காலை கடிதம் கையெழுத்தாகி வந்தது. ஷாமிளா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று பால் நிறுக்கும் வரிசையில் முதலாவதாக நின்றவள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மருதாயி. வெள்ளையம்மா நிறுத்து இலக்கத்தைச் சொன்னாள். மருதாயி வாளியை எடுக்கவில்லை.

“கோவிச்சுக்காத அக்கா. கணக்கப்பிள்ளை ஐயாவும் ஒருக்கா நிறுத்துப் பாக்கட்டும்.”

பின்னால் நின்ற ஒருத்தியும் மறுப்புச் சொல்லவில்லை. வெள்ளையம்மா தராசை விட்டு நகர்ந்து நின்றாள்.